சூரத்துக்கு பிளேக் எங்கிருந்து வந்தது? தக்காணத்து எலிகளும் ஒரு பாக்டீரியாவின் வம்சாவளியும்

1994 செப்டம்பர் கடைசியில் நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஏரியூரிலிருந்து பென்னாகரம் போகும் டவுன் பஸ்ஸில் திடீரென்று ஒருநாள் பாதிப் பேர் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூரத்தில் பிளேக். சூரத் எங்கே, ஏரியூர் எங்கே! ஆனாலும் மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை கிடைக்கவில்லை. எங்க ஆயா மட்டும் கர்ச்சீப்பைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "மொதல்ல எலி விழுந்துச்சானு பாருங்கடா" என்றார். அவ்வளவுதான்.

ஆயாவின் அம்மா காலத்தில், வீட்டுக் கூரையிலிருந்து எலிகள் செத்து விழ ஆரம்பித்தால் ஊரையே காலி செய்துவிட்டு மேட்டுக்காட்டில் குடிசை போட்டுக்கொள்வார்களாம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம். இதெல்லாம் எனக்கு அப்போது பழங்கதை. பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போன பிறகு, பிளேக் பற்றி வாசிக்க ஆரம்பித்தபோதுதான் ஒரு சங்கதி உறைத்தது. தென்னிந்தியாவில் பிளேக் கிருமி இயற்கையாகவே குடியிருக்கும் பகுதி என்று பல காலமாகக் கண்காணிக்கப்படுவது தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் மூலை. ஓசூர், கோலார், முல்பாகல் பக்கம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டம்தான். பஸ்ஸில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு குஜராத்தைப் பார்த்துப் பயந்த நாங்கள், எங்கள் மாவட்டத்துக்கு உள்ளேயே அது இருக்கிறது என்று அறியாமல் இருந்திருக்கிறோம்.

இந்தப் பதிவு அந்த மூலையையும் சூரத்தையும் பற்றியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதில் பாக்டீரியாவின் மரபணுவில் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஒரு பாக்டீரியாவை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் சுற்றுவழி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேள்வியைச் சரியாக வைப்போம். இந்தியாவில் ஆய்வக உறுதியுடன் பதிவான மனித பிளேக் 1966-இல், கோலார் மாவட்டம் முல்பாகல் பகுதியில். அதோடு நின்றது. பிறகு 28 வருடம் ஒன்றுமே இல்லை. 1994 ஆகஸ்டில் மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் மாம்லா என்ற கிராமத்தில் நெறிகட்டும் பிளேக். அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1993 செப்டம்பர் 30 அன்று, பக்கத்து லாத்தூரில் பெரிய நிலநடுக்கம். கைவிடப்பட்ட வீடுகளும் அங்கே சேமித்து வைத்த தானியமும் எலிகளுக்கு விருந்தாகிவிட்டன என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக். லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஊரைவிட்டு ஓடினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிளேக் என்று கருதப்பட்டவர்கள் 876 பேர், இறந்தவர்கள் 54 பேர்.

உடனே சண்டையும் ஆரம்பித்தது. இது பிளேக்கே இல்லை, வேறு ஏதோ காய்ச்சல் என்று ஒரு தரப்பு. நுரையீரல் பிளேக் என்றால் மருந்து இல்லாவிட்டால் அநேகமாக எல்லோரும் இறந்துவிடுவார்கள். இங்கே சாவு இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். இன்னொரு தரப்பு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய், எவனோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட உயிரி ஆயுதம் என்றது. மத்திய அரசு வி. ராமலிங்கசுவாமி தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. 28 வருடம் காணாமல் போன கிருமி திடீரென்று வந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். எங்கே ஒளிந்திருந்தது? உள்ளூரா, வெளியூரா?

சரி, இப்போது சுற்றுவழி.

பிளேக் கிருமியின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்தது. அங்கிருந்து கப்பல் வழியாக உலகம் முழுக்கப் பரவிய கொள்ளைநோயைத்தான் மூன்றாவது பெருந்தொற்று என்கிறார்கள். 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவியில் டாக்டர் வீகாஸ் அதை அடையாளம் கண்டார். 1898-இல் பெங்களூர். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்த பிளேக்குக்குப் பின் நெரிசல் குறைக்க உருவாக்கிய பகுதிகள் (அங்கே வீடு வாடகைக்குத் தேடியவர்களுக்குத் தெரியும், இன்று எவ்வளவு நெரிசல் என்று). பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள்.

இவ்வளவு பேரைக் கொன்ற கிருமியின் ஸ்ட்ரெயின்களை வகை பிரிக்க 1951-இல் ஒரு வழி வந்தது. பெல்ஜிய காங்கோவில் பணியாற்றிய ரெனே தெவிஞா இரண்டே இரண்டு சோதனைகளை வைத்து மூன்று ரகம் பிரித்தார். கிளிசராலைக் கொடுத்தால் நொதிக்க வைக்கிறதா? நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறதா? இரண்டும் செய்தால் ஆன்டிக்வா. கிளிசரால் மட்டும் முடிந்து நைட்ரேட் முடியாவிட்டால் மெடியவாலிஸ். நைட்ரேட் முடிந்து கிளிசரால் முடியாவிட்டால் ஓரியன்டாலிஸ். அதோடு நிற்காமல் ஓர் அழகான கதையும் சொன்னார். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்துப் பெருந்தொற்று ஆன்டிக்வாவால் வந்தது. பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கறுப்புச் சாவு மெடியவாலிஸால். ஹாங்காங்கில் கிளம்பியது ஓரியன்டாலிஸால். மூன்று ரகம், மூன்று பெருந்தொற்று. பாடப்புத்தகங்கள் ஐம்பது வருடம் இதைத் தூக்கிக்கொண்டு நடந்தன.

எனக்கு இதில் முதலிலேயே ஒரு நெருடல். என் தொழிலில், உள்ளே கோடு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், வெளியே என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கும் சோதனையை பிளாக் பாக்ஸ் டெஸ்ட் என்போம். இரண்டு மென்பொருள்கள் ஒரே இடத்தில் தோற்றால் இரண்டும் ஒரே கம்பெனி தயாரித்தது என்று சொல்ல முடியுமா? தோற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்.

இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன். திருப்பதி கியூவில் நிற்கிறவர்களை மொட்டை போட்டவர்கள், போடாதவர்கள் என்று பிரிக்கலாம். தப்பில்லை. ஆனால் மொட்டை போடாதவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்றால் சிரிப்பார்கள். ஆன்டிக்வா என்பது கிட்டத்தட்ட அப்படி ஒரு கூட்டம். எதையும் இழக்காதவை எல்லாம் அதில் இருக்கும். அதற்குள் ஒன்றுக்கொன்று தூரத்து உறவுகூட இல்லாத கிளைகள் கலந்து கிடக்கின்றன.

பிற்பாடு மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது அந்த இழப்புகளின் காரணமும் தெரிந்தது. ஓரியன்டாலிஸில் கிளிசராலைச் செரிக்க வேண்டிய ஒரு மரபணுவில் 93 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. டி.என்.ஏ. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், 93 போனால் சரியாக 31 அமினோ அமிலம் குறையும். மிச்ச வாசகம் குழம்பாது. ஆனாலும் நடுவில் 31 போன நொதி வேலை செய்வதில்லை. மெடியவாலிஸில் கதை இன்னும் சின்னது. நைட்ரேட் வேலைக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, இதோடு நிறுத்து என்கிற குறியீடாகிவிட்டது. ஒரு செமிகோலன் மாறி புரோகிராம் நின்றுபோன மாதிரி.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாற்றம் வேறு வேறு கிளைகளில் தனித்தனியாகவும் நடக்கலாம். ஆனால் அழிந்துபோன 93 எழுத்து தானாகத் திரும்பி வராது. சூரத் கதைக்கு இது பின்னால் வேண்டும்.

அப்படியானால் எழுத்துகளையே நேரடியாக ஒப்பிட்டுவிடலாமே? 1999-இல் மார்க் ஆக்ட்மேன் குழு அதைத்தான் செய்தது. உலகின் பல மூலைகளிலிருந்து 36 ஸ்ட்ரெயின்கள். ஒவ்வொன்றிலும் சில அடிப்படை மரபணுக்களின் துண்டுகளைப் படித்தார்கள். கிடைத்த வித்தியாசம் பூஜ்யம். ஓர் எழுத்துகூட மாறவில்லை! மற்ற பாக்டீரியாக்களில் இந்த முறையில் ஏகப்பட்ட வேறுபாடு தெரியும். பிளேக் கிருமி அவ்வளவு புதுசு. யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ் என்று ஒரு பழைய கிருமி இருக்கிறது. வயிற்றுவலி தரும், பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. அதன் வம்சத்திலிருந்து சமீபத்தில் பிரிந்துபோன ஒரு நகல்தான் பிளேக் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சமீபம் என்றால் 1,500 முதல் 20,000 வருடத்துக்குள். பின்னர் 2015-இல் வெளியான பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ. ஆய்வில், ஏறத்தாழ 5,000 வருடத்துக்கு முந்தைய மனிதப் பற்களிலேயே பிளேக் கிருமி கிடைத்தது. அதிலும் ஒரு வேடிக்கை. மிகப் பழைய அந்தக் கிருமிகளிடம் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் உயிர்வாழ உதவும் மரபணு இல்லை. அதாவது எலித்தெள்ளு மூலம் பரவும் வித்தையை அது பிற்பாடுதான் கற்றிருக்கிறது.

வகைப்பாட்டு விதிப்படி பார்த்தால், இவ்வளவு நெருங்கிய இரண்டும் ஒரே இனம். பிளேக்கை சூடோடியூபர்குளோசிஸின் கிளையினமாக மாற்றிவிடலாம் என்று 1980-களின் தொடக்கத்தில் ஒரு யோசனை வந்தது. 1985-இல் பாக்டீரியாப் பெயர்களுக்கான நீதிக்குழு அந்தப் பெயரை நிராகரித்தது. ஆய்வகத்தில் லேபிளைத் தப்பாகப் படித்து யாராவது இதைச் சாதாரண வயிற்றுவலிக் கிருமி என்று நினைத்துக் கையாண்டால் உயிர் போகும் என்பதுதான் கவலை. வகைப்பாட்டில் உண்மையைவிடப் பாதுகாப்பு பெரிது என்று முடிவெடுத்த இடம் இது. என்னைக் கேட்டால் சரியான முடிவு.

சரி, வித்தியாசமே இல்லாத கூட்டத்தில் ஆளை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு வழி இருந்தது.

ஒன்று, எண்ணிக்கை மாறுகிற இடங்களைத் தேடுவது. ஆயா ஸ்ரீராமஜெயம் எழுதும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 27 தடவை எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர் அப்படியே பிரதி எடுக்கிறார். எழுத்துப்பிழை அபூர்வமாகத்தான் வரும். ஆனால் 27 என்பது 26 ஆவதோ 28 ஆவதோ சுலபம். பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலும் ஒரே சிறு துண்டு வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் அங்கேதான் எண்ணிக்கை தப்பும். அப்படிப் பல இடங்களில் எண்ணி, 7-4-11-6 என்று ஒரு கைரேகை எடுப்பார்கள். இதன் பெயர் எம்.எல்.வி.ஏ. செலவு குறைவு, சின்ன ஆய்வகத்திலும் முடியும். கஷ்டம் என்னவென்றால் 7 என்பது 8 ஆகி, மறுபடி 7 ஆகவும் ஆகலாம். அண்ணன் தம்பியை அடையாளம் காண நல்ல முறை. முப்பாட்டன் யார் என்று கேட்டால் உளறும்.

இன்னொன்று, முழு நூலையும் படிப்பது. பிளேக் கிருமியின் குரோமோசோமில் சுமார் 46.5 லட்சம் எழுத்துகள், கூடவே மூன்று பிளாஸ்மிட்கள். 2001-இல் முதல் முழு வரிசை வெளியானது. ஒரேயோர் எழுத்து மாறியிருக்கும் இடங்களை ஸ்னிப் என்கிறார்கள். 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 133 ஸ்ட்ரெயின்களின் முழு வரிசைகளை ஒப்பிட்டதில் மொத்தம் கிடைத்த ஸ்னிப்கள் 2,326 மட்டுமே. 46 லட்சம் எழுத்தில் இவ்வளவுதான். ஆனால் இது போதும். ஏனென்றால் பிளேக் கிருமி மற்ற பாக்டீரியாக்களைப் போல அக்கம்பக்கத்தில் மரபணு கடன் வாங்குவது கிடையாது என்றே சொல்லலாம். கிட் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே வரியில்: பிராஞ்ச் உண்டு, மெர்ஜ் கிடையாது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். இரண்டு ஸ்ட்ரெயின்கள் எந்தக் கமிட் வரை பொதுவாக வந்து எங்கே பிரிந்தன என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

இப்படிப் போட்ட மரத்தில் கிளைகளுக்கு 0, 1, 2, 3, 4 என்று எண். பழைய ரகப் பெயர் ஒட்டாக வரும். 1.ஓரி என்றால் ஒன்றாம் கிளையின் ஓரியன்டாலிஸ். 2.மெட் என்றால் இரண்டாம் கிளையின் மெடியவாலிஸ். ஆன்டிக்வாவோ 0, 1, 2, 3, 4 என்று எல்லாக் கிளையிலும் இருக்கிறது. மொட்டை போடாதவர்கள் கதைதான். 1 முதல் 4 வரையான கிளைகள் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே சமயத்தில், கறுப்புச் சாவுக்குக் கொஞ்சம் முன்பு வெடித்துப் பிரிந்திருக்கின்றன. 2022-இல் கிர்கிஸ்தானின் இசிக்குல் ஏரிப் பக்கத்தில், 1338-39-இல் கொள்ளைநோயால் இறந்தார்கள் என்று கல்வெட்டே வைத்த கல்லறைகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ. சரியாக அந்தப் பிரிவுப் புள்ளியில் போய் உட்கார்ந்தது. வாசித்தபோது எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

தெவிஞாவின் அழகான கதை இதில் அடிபட்டுப்போனது. லண்டனில் கறுப்புச் சாவில் இறந்தவர்களைப் புதைத்த கிழக்கு ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டில் எடுத்த கிருமியின் வரிசை 2011-இல் வெளியானது. அது மெடியவாலிஸ் இல்லை. ஒன்றாம் கிளையின் அடிவாரத்தில் இருந்தது. ஜஸ்டினியன் காலத்துக் கிருமி பூஜ்யம் கிளையில், இன்று வாரிசே இல்லாமல் அழிந்துபோன ஒரு தனி ஒட்டு. மூன்றாவது மட்டும் தப்பித்தது. ஹாங்காங், பம்பாய் எல்லாம் 1.ஓரி தான். 1898-இல் மடகாஸ்கரில் கப்பல் வழியாக நுழைந்ததும் அதன் ஒரு கிளைதான். இன்றுவரை அங்கே ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

இப்போது சூரத்துக்கு வரலாம்.

1994-இல் நோயாளிகளிடமும் எலிகளிடமும் எடுத்து வளர்த்த ஸ்ட்ரெயின்கள் பத்திரமாக இருந்தன. அது பிளேக்தானா என்ற சண்டையை ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு முடித்துவைத்தது. மரபணு வரிசையும் கைரேகையும் யெர்சினியா பெஸ்டிஸ் என்றே காட்டின. மிச்சமிருந்தது உள்ளூரா வெளியூரா என்பது. 2009-இல் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் எனக்குத் தெரிந்து அதை நேரடியாகத் தொட்டது. அவர்கள் கையில் இருந்தவை: 1994-இன் ஸ்ட்ரெயின்கள், 2002 பிப்ரவரியில் இமாச்சலத்தின் சிம்லா மாவட்டத்தில் வந்த நுரையீரல் பிளேக்கின் ஸ்ட்ரெயின்கள், அப்புறம், 1998-இல் தக்காணப் பீடபூமியில் கண்காணிப்புக்காகப் பொறி வைத்துப் பிடித்த எலிகளில் கிடைத்தவை. எல்லாவற்றுக்கும் எம்.எல்.வி.ஏ. கைரேகை எடுத்தார்கள்.

1994-இன் மனிதர்களிடம் எடுத்ததும் எலிகளிடம் எடுத்ததும் ஒரே மாதிரி ஓரியன்டாலிஸ். அதற்கு மிக நெருக்கமாக வந்து நின்றவை தக்காணத்து எலிகளின் ஓரியன்டாலிஸ். இரண்டும் ஒரே கொத்து. சிம்லா மட்டும் தனியாக நின்றது, அது ஆன்டிக்வா. (சிம்லாவில் நோய் தொடங்கியது காட்டுக்கு வேட்டைக்குப் போய் ஒரு காட்டுப்பூனையின் தோலை உரித்தவரிடம். 16 பேருக்கு நோய், 4 பேர் இறப்பு.) ஆகவே இமயமலை அடிவாரத்தில் இருப்பது ஒரு வம்சம், தக்காணத்தில் இருப்பது இன்னொன்று. 1994-இல் வந்தது தக்காணத்து வம்சத்தின் நெருங்கிய சொந்தம். உயிரி ஆயுதம் என்று கதை கட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. அந்நியன் எவனும் தேவைப்படவில்லை, வீட்டு ஆளே போதும்.

ஆனால் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். அந்த ஆய்வாளர்களும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற அளவில்தான் சொன்னார்கள். சூரத் கிருமி கோலார் பக்கத்திலிருந்து லாரி ஏறிப் போனது என்று இதற்கு அர்த்தமில்லை. 1896-க்குப் பிறகு பம்பாயிலிருந்து தீபகற்பம் முழுக்கப் பரவியது ஒரே வம்சம். அது பீட் பக்கத்துக் காட்டெலிகளிலும் தங்கியிருக்கலாம், ஓசூர் பக்கத்துக் காட்டெலிகளிலும் தங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே பாட்டனின் பேரன்கள் என்றால் கைரேகை ஒத்துத்தான் போகும். அண்ணன் தம்பி என்று சொல்வது வேறு, யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்வது வேறு. அதற்கு முழு வரிசையின் ஸ்னிப் மரம் வேண்டும்.

எனக்கு அந்தக் கட்டுரையில் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. தக்காணத்தில் பிடித்த எலிகளில் ஒன்றில் கிடைத்த கிருமி ஓரியன்டாலிஸ் இல்லை. மெடியவாலிஸ்!

யோசித்துப் பாருங்கள். மெடியவாலிஸ் ரகத்துக்குக் கிளிசரால் செரிக்கும். ஓரியன்டாலிஸில் அந்த 93 எழுத்து அழிந்துவிட்டது. அழிந்தது திரும்பாது, கடன் வாங்கவும் வழியில்லை. ஆக, அந்த ஒற்றை எலியின் கிருமி 1896 பம்பாய்க் கப்பலில் வந்த வம்சத்தின் வாரிசாக இருக்க முடியாது. வேறு ஏதோ வழியில், வேறு ஏதோ காலத்தில் வந்த ஒன்று தக்காணத்து வளைகளில் இன்னும் இருக்கிறது. இந்தியாவுக்குப் பிளேக் வந்ததே 1896-இல்தான் என்று நாம் படித்தோமே, அது முழுக் கதை இல்லையோ என்று சந்தேகம் வருகிறது. இது என் கணக்கு. அந்தக் கட்டுரை இவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே ஓர் எலியை வைத்து வரலாறு எழுதக்கூடாது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் ஓர் எலி போதும், கேள்வி கேட்க.

அந்த எலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டெலிக்கு பிளேக் வந்தால் அது சாகும். அதைத்தான் ஆயா எலி விழுகிறது என்றார். செத்த எலியின் உடம்பு குளிர்ந்ததும் அதன் தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடிக் குதிக்கிறது. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் இதைச் சோதனை செய்து காட்டியபோது யாரும் நம்பவில்லை. ஆகவே வீட்டெலியில் கிருமி நிரந்தரமாகத் தங்க முடியாது. வீட்டுக்காரனையே கொன்றால் எங்கே குடியிருப்பது? காட்டில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி வேறு மாதிரி. அதில் நிறைய கிருமியைத் தாங்கிக்கொண்டு பிழைத்துவிடுகின்றன. இந்தியாவில் பிளேக்கின் நிரந்தர வீடு வெள்ளெலிதான் என்று 1960-இல் பால்டசார்டும் பாமன்யாரும் எழுதினார்கள். மனிதனில் 28 வருடம் நோய் இல்லாமல் இருந்ததும், கிருமி அழியாமல் இருந்ததும் முரண்பாடில்லை. வெள்ளெலிக்கும் வீட்டெலிக்கும் நடுவே பாலம் இல்லாத வரை ஊருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் சென்னை நகரம் பெரும்பாலும் தப்பித்ததற்கும் தெள்ளுதான் காரணம் என்று ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1914-இல் பிளேக் நுழைந்த கொழும்பில் வேலை பார்த்த எல். எஃப். ஹர்ஸ்ட் கவனித்தது: சென்னையிலும் கொழும்பிலும் எலிகளின் மேல் அதிகம் இருந்தது வேறு இனத் தெள்ளு, பிளேக்கைப் பரப்புவதில் மந்தமானது. பம்பாயில் இருந்ததோ கெட்டிக்காரத் தெள்ளு. கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் நீண்டகாலம் விடாமல் இருந்ததால் 1930-களில் அங்கே தனி விசாரணையே நடந்திருக்கிறது. அதைத் தனிப் பதிவாக எழுத ஆசை.

பெங்களூரில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பிளேக் கண்காணிப்புப் பிரிவு பல காலமாக ஓசூர், கோலார் பக்கம் எலி பிடித்து, தெள்ளு சீவி எடுத்து, ரத்தத்தில் பிளேக் எதிரணு இருக்கிறதா என்று பார்த்து வருகிறது. நாய்களின் ரத்தமும் எடுப்பார்கள். நாய் எலியைத் தின்னும், பிளேக்கில் பெரும்பாலும் சாகாது, ஆனால் ரத்தத்தில் தடயம் வைத்துக்கொள்ளும். எதிரணு இருந்தால் கிருமி இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறது என்று தெரியும். எந்த வம்சம் என்று தெரியாது. அதற்குக் கிருமியையே உயிரோடு பிடித்து வளர்க்க வேண்டும், அல்லது குறைந்தது அதன் டி.என்.ஏ. கிடைக்க வேண்டும். அது அபூர்வம். அதனால்தான் 1998-இன் அந்தச் சில எலிகள் எனக்குப் பொக்கிஷமாகத் தெரிகின்றன. உலக மரத்தில் பெரும்பாலான இலைகள் சீனாவிலும் அதன் சுற்றுவட்டத்திலும் எடுத்தவை. அங்கே வரிசைப்படுத்துவதற்குக் காசும் ஆளும் இருக்கிறது. ஒரு கோடிப் பேரைப் பறிகொடுத்த நாம் அந்த மரத்தில் ஒன்றிரண்டு குச்சிகளாக நிற்கிறோம். பழைய ஸ்ட்ரெயின்கள் நம் ஆய்வகங்களில் இருக்கும்போதே முழுசாக வரிசைப்படுத்தினால், அந்த மெடியவாலிஸ் எலி இரண்டாம் கிளையில் எங்கே உட்காருகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இன்றைக்கு ஒரு பாக்டீரியாவை வரிசைப்படுத்த ஆகும் செலவு ஒரு நடுத்தர செல்போன் விலைகூட இல்லை.

பயப்படவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓசூர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்ட்ரெப்டோமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் கொடுத்தால் பிளேக் குணமாகும் நோய். எந்த ரகமாக இருந்தாலும் முதல் சிகிச்சை அதுவேதான்.

போன பொங்கலுக்கு ஏரியூர் போனபோது சித்தப்பாவிடம் கேட்டேன், நம்ம காட்டுல வெள்ளெலி வளை இன்னும் இருக்கா என்று. "மேட்டுக்காட்டுப் பக்கம் நாலஞ்சு வளை இருக்கும். கடலக்கா பூராத்தையும் அதுங்களே தின்னுடுதுங்க. எதுக்குடா கேக்கற?" என்றார். சொன்னேன். சூரத், சிம்லா, கிர்கிஸ்தான் எல்லாம் கேட்டுவிட்டு, "எலி எதனா விழுந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்பறம் என்ன, வா சாப்புடலாம்."